பட்டறையில் உங்கள் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறான்?

(இரும்புப் பட்டறைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்த அன்பர் ஒருவர், தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



முதலில் தாய்மார்களிடம் ஒரு கேள்வி. உங்கள் மகன் எங்கே வேலை செய்கிறான் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? "பட்டறையில வெல்டிங் வேலை" என்று சொல்வீர்கள். பத்துத் தாய்மார்களைக் கேட்டால் பத்துப் பேரும் அதையேதான் சொல்வார்கள். ஆனால் பட்டறைக்குள் போய்ப் பார்த்தால், அந்தப் பத்துப் பிள்ளைகளில் வெல்டிங் செய்கிறவன் இரண்டு பேரோ மூன்று பேரோதான். மற்றவர்கள் கிரைண்டர் பிடிக்கிறார்கள், இரும்பைத் தூக்குகிறார்கள், சாயம் அடிக்கிறார்கள், லோரியில் ஏற்றுகிறார்கள். பத்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தாலும் பலர் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

ஏன் அப்படி? பிள்ளைகளுக்குத் திறமை இல்லையா? நிச்சயமாக இல்லை என்று நான் சொல்வேன். பட்டறை எப்படி ஓடுகிறது, அதில் பணம் எந்த இடத்தில் இருக்கிறது, படிப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் நமக்கும் தெரியவில்லை. ஆகவே இன்று உங்களை ஒரு பட்டறைக்குள் அழைத்துப் போகப் போகிறேன். முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் லோரியோடு வெளியே வருவோம். வழியில் உங்கள் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள்.

இரும்பு நமக்குப் புதிதல்ல

நம்மைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ரப்பர் மரத்தை மட்டும் பேசுகிறார்கள். ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே செந்தூல் ரயில் பட்டறையில் நம்மவர்கள் இரும்போடு உழைத்திருக்கிறார்கள். தோட்டங்களில் ரப்பர் ஆலை இருந்தால், அங்கே இயந்திரம் பழுது பார்க்கிற நம் ஆள் ஒருவர் இருப்பார். என் தாத்தா அப்படிப்பட்டவர்தான். எழுதப் படிக்கத் தெரியாது. சத்தத்தை வைத்தே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்பும் செம்பனையும் வந்த பிறகு, அந்தக் கைகள் வெளியே வந்து கிள்ளான், ஷா ஆலாம், பாலாக்கோங், ராவாங், பிறை, பாசிர் கூடாங் என்று தொழிற்பேட்டைகளில் வேலை தேடின. நான் படிவம் 5 முடித்து அப்படி வந்தவன்தான்.

முதல் இடம்: ஆபிஸ் அறை

ஒரு தொழிற்சாலைக்கு இரும்பு மாடிப்படி ஒன்று வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். இருபது படி, இரண்டு பக்கமும் கைப்பிடி, மேலே ஒரு நடைமேடை. வேலை எங்கே தொடங்குகிறது? வெல்டிங் தீப்பொறியில் அல்ல. குளிர்சாதனம் போட்ட சின்ன அறையில், கணக்குப் போடும் கருவியோடு தொடங்குகிறது.

தவுக்கே முதலில் எடையைக் கணக்குப் போடுகிறார். இரும்பு எடைக்குத்தானே விற்கிறது. இந்தக் கணக்கு ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பு, ஒரு மில்லிமீட்டர் தடிப்பு உள்ள இரும்புத் தகடு 7.85 கிலோ இருக்கும். நான்கு அடிக்கு எட்டு அடி பிளேட் ஏறக்குறைய 2.98 சதுர மீட்டர். அது 6 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் 2.98-ஐ ஆறால் பெருக்கி, 7.85-ஆல் பெருக்குங்கள். சுமார் 140 கிலோ வரும். உருண்டைக் கம்பிக்கு இன்னும் சுலபம். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு!

இரும்பின் விலையோடு, சேதாரமாகப் போகும் துண்டுகள், வெல்டிங் ரோட், கேஸ், சாயம், மின்சாரம், லோரி, ஆள் கூலி, பிறகு லாபம். இவை எல்லாம் சேர்ந்ததுதான் குவோடேஷன். நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு வருடம் வரை இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. "இது முதலாளி வேலை, நமக்கு எதற்கு?" என்று நினைத்தேன். அது தப்பு. எடைக் கணக்குத் தெரிந்தவனிடம்தான் ஃபோர்மேன் பொறுப்பைக் கொடுப்பார்கள். எடை தெரிந்தவன்தான் அந்த 140 கிலோ பிளேட்டை இரண்டு பேர் சேர்ந்து தூக்கக் கூடாது, செயின் புளோக் வேண்டும் என்று சொல்லி முதுகைக் காப்பாற்றிக் கொள்வான்.

இரண்டாம் இடம்: டிராயிங்

அடுத்து வருவது வரைபடம். அதை நாம் டிராயிங் என்கிறோம். மேலிருந்து பார்த்தால் எப்படி, முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி என்று ஒரே பொருளை மூன்று படமாக வரைந்திருக்கும். எல்லா அளவும் மில்லிமீட்டரில். எங்கே வெல்டிங், எந்தப் பக்கம், எவ்வளவு கனம் என்று சின்ன அம்புக்குறிகள் சொல்லும்.

பட்டறையில் மிகப் பெரிய மதில் சுவர் இந்தக் காகிதம்தான். இதைப் படிக்கத் தெரிந்தவன் ஒரு பக்கம், தெரியாதவன் மறுபக்கம். படிக்கத் தெரியாதவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், "அண்ணே, அடுத்து என்ன வெட்டணும்?" என்று கேட்டுக் கொண்டேதான் நிற்க வேண்டும்.

தம்பிமார்களே, வேலை முடிந்த பழைய டிராயிங்கை ஃபோர்மேனிடம் கேட்டு வாங்கி, செய்து முடித்த சாமானின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தக் கோடு எந்த இரும்பு, இந்த எண் எந்த நீளம் என்று ஒவ்வொன்றாகப் பொருத்துங்கள். தினமும் பதினைந்து நிமிடம் என்று மூன்று மாதம் செய்தால் மதில் சுவரில் ஒரு கதவு திறக்கும். நான் அப்படித்தான் கற்றேன்.

மூன்றாம் இடம்: வெட்டுவது, துளைப்பது, வளைப்பது

டிராயிங்கைப் பார்த்து இரும்பில் சாக்பீஸாலும் கூரிய ஊசியாலும் அளவு குறிக்கிறார்கள். ஹாலோ, ஆங்கிள் பார் போன்றவை பெரும்பாலும் ஆறு மீட்டர் நீளத்தில் வரும். ஆறு மீட்டரிலிருந்து எந்தெந்தத் துண்டை எந்த வரிசையில் எடுத்தால் மிச்சம் குறையும் என்று யோசித்து வெட்ட வேண்டும். தவுக்கேயின் லாபம் இங்கேயே கொஞ்சம் தீர்மானமாகிவிடும். தகடு என்றால் கத்தரி மெஷின் அல்லது லேசர், தடித்த பிளேட் என்றால் கேஸ் அல்லது பிளாஸ்மா.

வளைப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. 50 மில்லிமீட்டருக்கு 50 மில்லிமீட்டர் என்று வெளிப்பக்க அளவு கொடுத்த மூலைத் துண்டுக்கு 100 மில்லிமீட்டர் வெட்டினால், வளைத்த பிறகு சில மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும். வளைவில் இரும்பு மூலையைச் சுற்றிப் போவதில்லை, உள்பக்கமாகத் திரும்பிவிடுகிறது. தகட்டின் தடிப்புக்குத் தகுந்த மாதிரி அந்த அளவைக் குறைத்து வெட்ட வேண்டும். அதோடு, 90 பாகை வளைத்து விட்டால் இரும்பு கொஞ்சம் திரும்பி வரும். அதற்காகச் சற்றுக் கூடுதலாக வளைக்க வேண்டும். இதைத் தெரிந்தவன் மெஷின் ஆபரேட்டர். தெரியாதவன் தகட்டைப் பிடித்துக் கொள்கிறவன். இரண்டு பேரும் ஒரே மெஷினின் இரண்டு பக்கத்தில்தான் நிற்கிறார்கள், சம்பளம் மட்டும் வேறு.

நான்காம் இடம்: பொருத்துவது

வெட்டிய துண்டுகளைச் சேர்த்து, அளவும் மூலைமட்டமும் பார்த்து, சின்னச் சின்னப் பொட்டாக டேக் வெல்டிங் அடித்து நிறுத்துவதுதான் ஃபிட்டர் வேலை. பட்டறையின் மூளை இங்கேதான் இருக்கிறது.

சட்டம் நேர் சதுரமாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்தால் ஒரே அளவு வர வேண்டும். பெரிய மூலை என்றால் ஒரு பக்கம் 600, மறுபக்கம் 800 குறித்துக் கொண்டு, குறுக்கே 1000 வருகிறதா என்று பார்ப்போம். பள்ளியில் படித்த செங்கோண முக்கோணம்தான்.

ஃபிட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டிய இன்னொரு விஷயம், வெல்டிங் ஆறும்போது இரும்பு சுருங்கும் என்பது. ஒரு பக்கமே தொடர்ந்து அடித்துக் கொண்டு போனால் அந்தப் பக்கம் இழுத்து, முழுச் சட்டமும் கோணிவிடும். ஆகவே இங்கே கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். இந்த வரிசையைத் தெரியாமல் செய்த ஒரு வேலையை நாங்கள் மூன்று நாள் சுத்தியலும் நெருப்பும் வைத்து நேராக்கியிருக்கிறோம்.

ஐந்தாம் இடம்: வெல்டிங்

இப்போதுதான் வெல்டிங் வருகிறது. ரோட் வைத்து அடிப்பது ஆர்க். கம்பிச் சுருளும் கேஸும் ஓடுவது மிக். ஆர்கன் கேஸில் மெல்லியதாக, சுத்தமாகச் செய்வது டிக். ரோட்டிலும் வகை உண்டு. 6013 சாதாரண வேலைக்கு. 7018 பளு தாங்கும் வேலைக்கு. ஈரம் பட்ட 7018-ஐ அடித்தால் வெளியே அழகாகத் தெரியும், உள்ளே வெடிப்பு விடலாம். அதனால்தான் அதைச் சூட்டுப் பெட்டியில் வைக்கிறார்கள்.

வெல்டருக்கு நிலைவாரியாகத் தேர்வு உண்டு. பிளேட்டைக் கிடையாக வைத்து மேலிருந்து அடிப்பது 1ஜி, செங்குத்தாக நிறுத்தி அதன் மேல் படுக்கைவாட்டில் அடிப்பது 2ஜி, கீழிருந்து மேலாக ஏற்றி அடிப்பது 3ஜி, தலைக்கு மேலே அடிப்பது 4ஜி. பைப்பை 45 பாகை சாய்த்து, திருப்பாமல் சுற்றி அடிப்பது 6ஜி. எண்ணெய், எரிவாயு வேலைகளுக்குப் போகிறவனிடம் இந்த 6ஜி-யைத்தான் கேட்பார்கள். "எனக்கு நல்லா வெல்டிங் வரும்" என்று வாயால் சொன்னால் அங்கே கேட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள்.

கடைசி இடம்: கிரைண்டர், சாயம், லோரி

கசடைத் தட்டி, கிரைண்டர் போட்டு வழவழப்பாக்கி, சாயம் அடிப்பார்கள் அல்லது நாகத்தில் முக்க அனுப்புவார்கள். அந்தத் தொட்டியில் நாகம் சுமார் 450 பாகை சூட்டில் உருகி நிற்கும். மூடிய ஹாலோவில் காற்றுத் துளை போடாமல் அனுப்பினால், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தொட்டியில் வெடிக்கும். ஒரு சின்னத் துளையை மறந்தால் இன்னொரு தொழிலாளியின் உயிர் போகலாம். பிறகு லோரி, பிறகு கட்டுமான இடத்தில் பொருத்துவது. அங்கே போக சி.ஐ.டி.பி. பச்சை அட்டை வேண்டும்.

இப்போது சொல்லுங்கள், உங்கள் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறான்? பெரும்பாலும் இந்தக் கடைசி இடத்தில். பணமும் படிப்பும் முதல் ஐந்து இடங்களில் இருக்கின்றன. தூசியும் புகையும் ஆபத்தும் எல்லா இடத்திலும் இருக்கின்றன, ஆனால் கடைசி இடத்தில்தான் மிக அதிகம்.

ஓர் அண்ணன் கதை

எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்த அண்ணன் ஒருவர். பெயர் வேண்டாம், பட்டறையின் பெயரும் வேண்டாம். மாடிப்படி என்றால் கண்ணால் பார்த்தே அளவு சொல்வார். ஆனால் கையில் சான்றிதழ் எதுவும் கிடையாது. அவரை "சப்-கான்" என்று சொல்லி, செய்த வேலைக்கு ரொக்கமாகக் கொடுப்பார்கள். சம்பளச் சீட்டு இல்லை, சேமநிதி இல்லை, சொக்சோ இல்லை. அவரும் "கையில காசு முழுசா வருதே" என்று சந்தோஷப்பட்டார். எங்களுக்கும் அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

2006-இல் ஒரு சனிக்கிழமை. அவசர வேலை. கிரைண்டரின் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க்கைப் போட்டிருந்தார்கள். நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல் ஓடும். ஏழு அங்குல டிஸ்க் தாங்குவது ஏறக்குறைய 8,500 சுற்றுதான். அந்த எண் டிஸ்க்கிலேயே அச்சடித்திருக்கும். யாரும் படிப்பதில்லை. டிஸ்க் உடைந்தது. அண்ணனுக்கு ஒரு கண் போயிற்று.

தவுக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார், கொஞ்சம் பணம் கொடுத்தார். அதோடு முடிந்தது. நாங்கள் பட்டறைப் பையன்கள் சேர்ந்து காசு திரட்டினோம். சொக்சோ அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே போய்க் கேட்கலாம் என்று எங்கள் பதினான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணன் பிறகு பாசார் மாலாமில் கச்சான் விற்றார். இருபத்தைந்து வருடத் தொழில் அப்படிப் போயிற்று. நான் இன்று உங்கள் முன் நிற்பதற்கு அதுதான் காரணம்.

உடம்பைக் காப்பாற்றுவது

தம்பிமார்களே, மூடி இல்லாத கிரைண்டரைத் தொடாதீர்கள். டிஸ்க்கில் உள்ள எண்ணைப் படியுங்கள். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத பழைய டிரம்மை வெட்டாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி தீப்பொறியில் வெடிக்கும். தொட்டிக்குள் இறங்கி ஆர்கன் கேஸில் வேலை செய்யச் சொன்னால், காற்றுச் சோதனை செய்து, வெளியே ஓர் ஆள் நிற்காமல் இறங்காதீர்கள். ஆர்கனுக்கு வாசம் இல்லை. மயக்கம் வருவதுகூடத் தெரியாது.

வெல்டிங் புகை சாதாரணப் புகை இல்லை. 2017-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வெல்டிங் புகை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் வகையில் சேர்த்தது. நாகம் பூசிய இரும்பை அடித்த நாளின் இரவில் குளிரும் காய்ச்சலும் வந்தால் அது மழைக் காய்ச்சல் இல்லை, நாகப் புகையால் வந்த காய்ச்சல். "பால் குடிச்சா சரியாயிடும்" என்று எல்லாப் பட்டறையிலும் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. பால் புகையைத் தடுக்காது. நல்ல முகமூடியும், புகையை இழுத்து வெளியே விடும் விசிறியும்தான் தடுக்கும். எவர்சில்வர் அடிக்கும்போது இன்னும் கவனம் வேண்டும், அதில் குரோமியம் இருக்கிறது.

இரவில் கண்ணில் மணல் விழுந்தது போல் எரிந்தால் அது வெல்டிங் வெளிச்சம் பட்டது. உருளைக்கிழங்கு வைப்பது, எதையாவது ஊற்றுவது எல்லாம் வேண்டாம் அம்மா. கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1994-ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளியைப் பாதுகாப்பது முதலாளியின் கடமை என்கிறது. அந்தச் சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புச் சாமானுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. இந்தச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நினைத்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் சரி செய்யவில்லை என்றால், அந்த இடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒருவரை நியமிக்க வேண்டும்.

சம்பளக் கணக்குப் பார்ப்போம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஐந்து பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் 2025 பிப்ரவரி 1 முதலும், அதற்குக் குறைந்த ஆட்கள் உள்ள இடங்களில் 2025 ஆகஸ்ட் 1 முதலும் இது கட்டாயமாகியது. 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. 1,700-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. எட்டு மணி நேர நாள் என்றால் ஒரு மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஓட்டிக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 12 வெள்ளி 26 காசு. இதற்குக் கீழே கொடுத்தால் கேளுங்கள். தொழிலாளர் இலாகாவில் புகார் செய்ய வக்கீல் தேவையில்லை.

சேமநிதியில், சம்பளம் 5,000 வெள்ளி வரை உள்ளவருக்கு முதலாளி 13 விழுக்காடு போட வேண்டும், தொழிலாளியிடமிருந்து 11 விழுக்காடு. "கையில காசு முழுசா வருது" என்று சந்தோஷப்படுகிற பிள்ளை, அந்த 13 விழுக்காட்டை இழக்கிறான். 1,700 வெள்ளிச் சம்பளத்தில் அது மாதம் 220 வெள்ளிக்கு மேல்!

சொக்சோ 1969-ஆம் ஆண்டுச் சட்டம். வேலையிடத்து விபத்துக்கும், வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் மோட்டார் சைக்கிளில் நடக்கும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. விபத்து நடந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். குடியுரிமை உள்ளவருக்கு மட்டுமல்ல, சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிக்கும் உண்டு. முதலாளி பதியவில்லை என்றால் குற்றம் அவருடையது. நேராகச் சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள்.

"நீ சப்-கான், உனக்கு ஒன்றும் கிடையாது" என்பார்கள். 2023 முதல் வேலைச் சட்டத்தில் ஒரு புதிய பிரிவு இருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாத இடத்தில், உங்கள் வேலை நேரத்தை அவர் கட்டுப்படுத்தினாலோ, வேலையை அவர் சொல்கிறபடி செய்ய வேண்டியிருந்தாலோ, சாமானும் கருவியும் அவருடையது என்றாலோ, மாறாக நிரூபிக்கப்படும் வரை நீங்கள் தொழிலாளி என்றே கொள்ளப்படும். உண்மையிலேயே சொந்தமாகத் தொழில் செய்கிறவர் என்றால், 2017-ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நீங்களே பதிந்து கொள்ளுங்கள். அந்த அண்ணனுக்கு அன்று இது இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

கையில் இருக்கும் தொழிலுக்குக் காகிதம்

எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் மனிதவள அமைச்சின் கீழ் உள்ள ஐ.எல்.பி. தொழிற்பயிற்சிக் கழகங்களில் வெல்டிங் படிக்கலாம். எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலை. அதற்கு மேல் டிப்ளோமா, உயர் டிப்ளோமா.

ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு வயசாகிவிட்டது என்று கவலை வேண்டாம். பி.பி.டி. என்று ஒரு வழி இருக்கிறது. அனுபவத்துக்கே சான்றிதழ். நீங்கள் செய்த வேலைகளின் சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்தால், மதிப்பீட்டாளர் பார்த்து, தகுதி இருந்தால் எஸ்.கே.எம். கிடைக்கும். திறன் மேம்பாட்டு இலாகாவில் விசாரியுங்கள். பத்து உள்நாட்டுத் தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் மனிதவள மேம்பாட்டுக்காக மாதச் சம்பளத்தில் ஒரு விழுக்காடு கட்டுகின்றன. அந்தப் பணம் தொழிலாளிக்குப் பயிற்சி கொடுக்கத்தான். "என்னைப் பயிற்சிக்கு அனுப்புங்கள்" என்று கேட்பது பிச்சை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்துப் பட்டறையில் ஐந்து வெள்ளி கூடுதல் என்று மாதத்துக்கு ஒரு பட்டறை மாறுகிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. மாறுங்கள், தப்பில்லை. ஆனால் ஐந்து வெள்ளிக்காக மாறாதீர்கள். டிராயிங் கற்றுக் கொடுக்கிற இடத்துக்கு, டிக் பிடிக்க விடுகிற இடத்துக்கு மாறுங்கள். கிரைண்டரிலிருந்து கிரைண்டருக்கு மாறுவது மாற்றமே இல்லை.

வீட்டுக்குப் போனதும்

தாய்மார்களே, இன்று இரவு சாப்பாடு போடும்போது மகனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். "சம்பளச் சீட்டு எங்கப்பா? சேமநிதிக் கணக்கைக் கைப்பேசியில திறந்து காட்டு, காசு ஏறுதா? இந்த வருசம் புதுசா என்ன கத்துக்கிட்ட?" அவன் எரிச்சல்படுவான். பரவாயில்லை, கேளுங்கள்.

தம்பிமார்களே, நாளை முதல் நீங்கள் செய்கிற வேலையைப் படம் எடுத்து வையுங்கள். எந்தத் தேதி, எந்த இரும்பு, எந்த வகை வெல்டிங் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். படம் எடுக்க அனுமதி இல்லாத இடம் என்றால் எழுதி மட்டும் வையுங்கள். பி.பி.டி.க்குப் போகும் நாளில் அந்த நோட்டுதான் உங்களுக்காகப் பேசும்.

அந்த அண்ணன் இப்போதும் இருக்கிறார். இந்த உரைக்குப் போகிறேன் என்று சொன்னபோது, "பையன்கள்கிட்ட டிஸ்க் நம்பரைப் படிக்கச் சொல்லுடா" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். சொல்லிவிட்டேன், அண்ணே.

 கேள்வி இருந்தால் கேளுங்கள், தேநீர் ஆறினாலும் நான் இங்கேதான் இருப்பேன்.